ரோட்டைப் பார்த்த தோட்டம்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே கலைச்செல்வன் அன்று ஒரே காலையில் இரண்டு முறை பஸ்ஸில் போய்வந்தான். போகும்போது இடப்பக்க ஜன்னல், திரும்பும்போது வலப்பக்கம். பேரளியைத் தாண்டித் தன் நிலம் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். புளியமரம் விலகுவதிலிருந்து அடுத்த வளைவு மறைக்கும்வரை பதினோரு விநாடி. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் அவன் தொழில் படுவதற்கு இருந்த நேரம் அவ்வளவுதான். நாலாவது தடவை டிக்கெட் கிழித்தபோது கண்டக்டர், "எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

அது 2001. டிப்ளமோ படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனிக்காக ஆறு வருஷம் தோட்டம் போட்டவன். அவன் வரைந்த தோட்டங்களின் முன்னால் கம்பெனியின் பெயர்ப்பலகை நின்றது. ஊருக்குத் திரும்பியபோது பெரம்பலூர்ப் பக்கம் காலேஜ்கள் எழும்பிக்கொண்டிருந்தன, அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் விரிந்துகொண்டிருந்தன. கட்டிடம் கட்டுகிற எல்லோருக்கும் முன்னால் கொஞ்சம் பச்சை வேண்டியிருந்தது. அதற்குத் திருச்சியிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். பேரளிப் பருத்திக்காட்டுக்காரன் தோட்டம் வடிவமைப்பான் என்று சொன்னால் எவன் நம்புவான்? கண்ணால் பார்த்தால் நம்புவான். ஆகவே தன் பங்கில் ரோட்டை ஒட்டிய இருபது சென்ட்டை எடுத்துக்கொண்டான். பின்பக்கம் மண் கொட்டி உயர்த்தி, விரித்துப் பிடித்த ஜமுக்காளம்போல் புல்தரையை ரோட்டுப் பக்கம் சரியவிட்டான். குறுக்கே மஞ்சளாக ஒரு வரி, சிவப்பாக ஒரு வரி செடிகள். முகப்பில் 'கலை கார்டன்ஸ்' என்று பலகை.

அவனைப் படிக்க வைத்தது அண்ணன் அய்யம்பெருமாள். ஒன்பது வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். பக்கத்து நிலம் அவருடையது. கிணறு பொது, ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத் தண்ணீர். மண் கொட்ட டிராக்டர் ஓட்டி வந்தவரும் அவர்தான். புல் தழைத்து, கலைச்செல்வன் அதை மெஷின் வைத்து வெட்டத் தொடங்கியபோது வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஊத்தி ஊத்தி வளக்குற, வளந்ததும் வெட்டிப்புடுற. மாட்டுக்கும் போடல. நல்ல வெவசாயம்டா" என்று சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி தனமும் சிரித்தாள். மாலையில் வேலை முடிந்தால் அவள் அந்தப் புல்லில்தான் கால் நீட்டி உட்காருவாள்.

முதல் இரண்டு வருஷம் ஒரு டாக்டர் வீடும் ஒரு கல்யாண மண்டபமும் கிடைத்தன. அதற்குமேல் ஒன்றும் நகரவில்லை. அதற்குள் மழை பொய்த்துவிட்டது. 2003 கோடையில் மோட்டார் போட்டால் முக்கால் மணி நேரம்தான், அப்புறம் காற்று வாங்கும். அண்ணன் முக்கால் ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். ஐம்பது நாள் பயிர், காய் பிடிக்கிற நேரம்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் சிமெண்ட் ஆலை ஜீப் ஒன்று தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. இறங்கிய அரங்கநாதன் ஆலையின் நிர்வாக அதிகாரி. சுற்றிலும் காடு கருகிக் கிடக்கையில் இது மட்டும் எப்படி இப்படி இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். பத்து நாளில் சென்னையிலிருந்து எம்.டி. வருகிறார், குடியிருப்பில் ஐந்து ஏக்கருக்குப் பூங்கா போடுகிற யோசனை இருக்கிறது, வழியில் காரை நிறுத்திக் காட்டுகிறேன் என்றார். ஏறும்போது திரும்பி, "இதே பச்சை இருக்கணும், தம்பி. ஒரு புல்லு மஞ்சளானாலும் அவர் கண்ணு அங்கதான் போகும்" என்றார்.

கலைச்செல்வன் அண்ணனிடம் ஒரு முறைத் தண்ணீரைக் கேட்டான். அவர் வெங்காயத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் விக்கிரமங்கலத்தில் தனத்தின் அப்பா இறந்துபோனார். கிளம்பும் அவசரத்தில், அழுத முகத்தோடு தனம் அவனிடம் வந்தாள். "காரியம் முடிச்சுத்தான் வருவோம் தம்பி. எங்க முறை ரெண்டு வருது. வெங்காயத்துக்கு வுட்டுருங்க." அவன் தலையை ஆட்டினான். அப்போது அவன் மனத்தில் களங்கம் எதுவும் இல்லை.

முறை நாள் காலையில் கிணற்றடிக்குப் போனான். அண்ணன் பக்கம் போகிற வால்வு ஒன்று, தன் பக்கம் ஒன்று. புல்தரையின் மேல் ஓரத்தில் கையகலத்துக்குப் பழுத்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தான். வெங்காயம் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். வேலை கிடைத்தால் அண்ணனுக்கு ஒன்றுக்கு இரண்டாகச் செய்துவிடலாம். இந்த யோசனை நியாயமாகவே தோன்றியது. தன் பக்கத்து வால்வைத் திறந்தான். கிணற்றுக்கு எதிரே வீட்டு வாசலில் நின்றிருந்த மனைவி சசிகலா, "பெரிய மாமா வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த முறைக்கும் அதே வால்வைத்தான் திறந்தான். அன்று அவள் வாசலுக்கு வரவில்லை.

அண்ணன் காரியம் முடிந்த கையோடு நேராகக் காட்டுக்குத்தான் வந்தார். வெங்காயத் தாள் பாத்தி பாத்தியாகப் படுத்துக் கிடந்தது. குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, வரப்பு தாண்டிப் புல்தரைக்கு வந்து நின்றார். செருப்பில்லாத கால். அவர் மிதித்த இடத்தில் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"ரெண்டு முறைக்கும் கரண்டு இல்லையாடா?" என்றார்.

அவர் எதற்காக அப்படிக் கேட்டார் என்று கலைச்செல்வனுக்குத் தெரிந்தது. ஏமாந்து கேட்கவில்லை. தம்பியே உண்மையைச் சொல்லட்டும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார். உள்ளே போய்விடலாம் என்றுதான் அவனும் வாயைத் திறந்தான்.

"ஆமாண்ணே. த்ரீபேஸே வரல."

அய்யம்பெருமாள் காலை ஒரு தடவை அழுத்தி எடுத்தார். பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிறைவதைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எம்.டி. காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷம் இருக்கும். பூங்கா வேலை கலைச்செல்வனுக்கு வந்தது. அந்த வாரமே அண்ணன் கோலிக்குண்டு அளவு வெங்காயத்தைத் தோண்டி எடுத்தார். பிறகு ஒருநாள் ரோட்டில் எதிரே வந்தபோது, "கெணத்துல எனக்கு முறை வேண்டாம், நீயே வச்சுக்க" என்றார். சண்டையாக இருந்தால் சமாதானம் பேசலாம். அவர் குரலில் சண்டையே இல்லை. அதன்பின் மழைக்கு மட்டும் மக்காச்சோளம் விதைத்தார். கலைச்செல்வன் இரண்டு தடவை தனியாகப் போர்வெல் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பார்த்தான். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் மாட்டுக்குத் தீனி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் அவர்.

மூன்று வருஷத்தில் 'கலை கார்டன்ஸ்' பலகை ஏழு இடங்களில் நின்றது. சிமெண்ட் குடியிருப்புப் பூங்காவைப் படமெடுத்துக் காலண்டர் அடித்தார்கள். புதிதாக யார் வந்தாலும் கலைச்செல்வன் அவர்களை அங்கேதான் கூட்டிப்போவான். 2006இல், மீன்சுருட்டிப் பக்கம் பாலிடெக்னிக் கட்டிக்கொண்டிருந்த குருநாதன் வந்தார். எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிற ஆள். பூங்காவைச் சுற்றி நடந்தார், மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

புல்தரையில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி, கோரை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். களை எடுக்க ஆள் கொண்டுவருவது மேஸ்திரி தர்மராஜின் பொறுப்பு. யார் வருகிறார்கள் என்று கலைச்செல்வன் கேட்டதில்லை. வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் களைக்கொத்தைக் கைமாற்றியபோது துண்டு நழுவியது. தனம்.

அவள் ஏற்கெனவே அவனைப் பார்த்திருந்தாள். இப்போது பார்க்கவில்லை. அவன் குருநாதனை வேறு பக்கம் திருப்பப் பார்த்தான். ஆனால் அவர் அந்த வரிசைக்கு முன்னால்தான் போய் நின்றார். முதலாளி சொல்வதைவிட வேலையாள் சொல்வதை நம்புகிறவர்.

"ஏம்மா," என்று தனத்தைப் பார்த்துக் கேட்டார், "இவரு எப்படி? தோட்டத்தைப் போட்டுட்டு அப்படியே வுட்டுடுவாரா, கவனிச்சுக்குவாரா?"

மற்ற பெண்களின் கைகள் நின்றன. தனம் நிமிர்ந்தாள். கண்கள் குருநாதன் மேலேயே இருந்தன.

"நல்லாக் கவனிச்சுக்குவாருங்க. யாரு பயிரு காஞ்சாலும் புல்லு காய வுடமாட்டாரு."

குருநாதன் சிரித்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கலைச்செல்வனின் தோளில் தட்டினார். அடுத்த திங்கட்கிழமை மீன்சுருட்டிக்கு வந்து இடத்தை அளந்துகொள்ளச் சொன்னார். இவர் என் அண்ணி என்று சொல்லிவிடத்தான் நினைத்தான். குருநாதன் தேதியை இரண்டாம் முறை சொன்னபோது, "வந்துடறேன் சார்" என்றான்.

பெண்களின் வரிசை குந்தியபடியே அவன் பக்கம் நகர்ந்து வந்தது. அவன் நின்ற இடத்திலும் கோரை இருந்தது. தனத்தின் கை அவன் ஷூவுக்கு அருகில் வந்து நின்று காத்திருந்தது. அவன் ஓரடி பின்னால் வைத்தான். அவள் அந்த இடத்துக் கோரையைக் கிழங்கோடு எடுத்து, மண்ணை உதறிவிட்டு, அடுத்த அடிக்கு நகர்ந்தாள்.