லேண்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து ஒரு சைக்கிள் கதை

1

பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். இது சைக்கிள் ஓட்டத்தைப் பற்றிய கதை. ஆனால் இதை எழுதுகிறவன் சைக்கிளில் போய்ச் சேர்ந்தவன் அல்ல. வயிறு முட்டத் தின்று, அட்டாளைச்சேனையில் மூச்சு வாங்கி, பின்னால் வந்த லேண்ட்மாஸ்டரின் பெட்டியில் ஏறிக்கொண்டவன். வயல் உழும் இரண்டு சில்லு மெஷின்தான். பின்னால் பெட்டி பூட்டி, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒழுங்கு செய்திருந்தார்கள்.

கதையின் நாயகி ஸகியாவை நான் பெரும்பாலும் அங்கிருந்துதான் பார்த்தேன், அதுவும் முதுகுப்புறமாக. ஆகவே அவள் கண்ணில் உறுதி தெரிந்தது என்று எங்காவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: அதிகாலையில் கல்முனைக் கடல் பொன்னிறமாக—

வேண்டாம். அந்த நேரம் ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றோம்.

தொடக்கம் இரண்டு: நீரிழிவு என்னும் சீனி வருத்தம் வந்த நாள் முதல் ஸகியாவுக்கு—

இதை என் மனைவி றஸ்னா நிறுத்தினாள்.

"அவக்குச் சீனி இரிக்கெண்டு ஆரு சொன்ன?"

"கதைக்கு ஒரு காரணம் வேணுமே."

"நீங்க ஓடப் போகக்குள்ள என்ன வருத்தத்தோட போன? பொண்டுகள் சைக்கிள் ஓடுறதுக்கு மட்டும் ஒரு வருத்தம் வேணுமோ?"

சீனியை வெட்டிவிட்டேன். ஸகியா நாற்பது தாண்டியவள். கல்முனையில் தையல்கடை வைத்திருக்கிறாள். சைக்கிள் ஓட அவளுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான் காரணம்.

3

'புதியவர்களும் வரலாம், இது போட்டியல்ல' என்று பதாகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். கல்முனையிலிருந்து திருக்கோவில் கடற்கரை வரை. எங்கள் சைக்கிள் குழுவின் தலைவர் முஹ்ஸின் புடைவைக்கடைக்காரர், நல்ல மனிதர். ஆனால் ஒரு நிபந்தனை வைக்காமல் அவருக்கு எதுவும் செமிக்காது. ஸகியா பெயர் கொடுக்கப் போனபோதும், ராத்தா என்று அக்கா முறை சொல்லியே ஒன்று வைத்தார்.

"ராத்தா, இந்த முற நீங்க மட்டும் ஓடிப் பாருங்க. பெட்டியில ஏறாமப் போய்ச் சேர்ந்தா அடுத்த ஓட்டத்தில பொண்டுகளையும் சேர்ப்பம். ஏறினா இந்தக் கதைய இதோட விடுவம்."

ஸகியாவின் தெருவில் பின்னேரங்களில் சைக்கிள் பழகும் பெண்கள் கொஞ்சப்பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஓட்டமும் ஸகியாவின் காலில் வந்து விழுந்தது. அவர்களில் ஒருத்தி, பக்கத்து வீட்டு உம்மு, ஓட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்காக ஓடாதீங்க ராத்தா, பாவம் நீங்க," என்றாள். பிறகு, "ஆனா ஏறிடாதீங்க," என்றாள்.

4

திட்டம் நன்றாகத்தான் போட்டோம். அது கச்சான் காலம். வெயில் ஏறினால் தென்மேற்கிலிருந்து அந்தச் சுடுகாற்று எழும்பிவிடும். அதற்குமுன் போய்ச் சேர வேண்டுமென்று அதிகாலைச் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம். எங்கே தண்ணீர், எங்கே நிழல், எல்லாம் யோசித்திருந்தோம். தங்கச்சிமாரைத்தான் யோசிக்கவில்லை.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது, ஆனால் நீங்கள் அடியைப் பார்க்கமாட்டீர்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு. ஆகவே கல்முனையில் குடும்பம் நடத்தும் ஆண்களில் பலர் தெற்கே உள்ள ஊர்களில் பிறந்தவர்கள். பிறந்த வீட்டில் இப்போது தங்கச்சி இருப்பாள். அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டால் பெருநாளைக்கும் முகம் தரமாட்டாள்.]

நிந்தவூரில் முஹ்ஸினின் தங்கச்சி நடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். "எங்கட வாசலால போவீங்களாம், எறங்க மாட்டீங்களாம். நான் என்ன மௌத்தாகியா போன?" இறங்கினோம். புட்டும் இறைச்சி ஆணமும். ஒலுவிலில் என் தங்கச்சி, வட்டிலப்பம். பாலமுனையில் இன்னொருவரின் தங்கச்சி, திரும்பவும் புட்டு. யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸகியா இருப்பது அவளுக்கே எழுதிய வீட்டில், கல்முனையில். ரோட்டில் அவளை மறிக்க ஒருவரும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் மட்டும் குடித்து, ஸலாம் சொல்லிவிட்டு, மெதுவாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

5

அக்கரைப்பற்றில் கச்சான் எங்களைப் பிடித்தது. அடுப்பு வாயில் முகத்தை வைத்த மாதிரி. பாதிப்பேர் தங்கச்சிமார் வீட்டிலேயே சாய்ந்துவிட்டிருந்தார்கள். மிச்சப்பேர் ஒவ்வொருவராகப் பெட்டியில் ஏறினார்கள். முஹ்ஸினும் ஏறினார், சைக்கிளில் ஏதோ கோளாறு என்று. என்ன கோளாறென்று நாங்கள் கேட்கவில்லை.

தம்பிலுவிலுக்கு முன்னால், இரண்டு பக்கமும் வயலாகக் கிடக்கும் ரோட்டில், ஸகியாவைக் கண்டோம். ஓட்டத்தில் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான்.

(இங்கே அவளுடைய அபாயா சங்கிலியில் சிக்கியதாக ஒரு பந்தி எழுதி அழித்தேன். அவள் தையல்காரி. சைக்கிளுக்குத் தோதாகத் தானே வெட்டித் தைத்திருந்தாள்.)

அவள் என்ன நினைத்தாள் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். எனக்குத் தெரியாது. முதுகு நனைந்திருந்தது. சைக்கிள் ஆடி நின்று கால் நிலத்தில் ஊன்றியது. திரும்ப மிதித்தாள். கொஞ்சத் தூரத்தில் மறுபடி ஊன்றியது. மறுபடி மிதித்தாள். பெட்டிக்குள் இருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

"ராத்தா, ஏறுங்க," என்று முஹ்ஸின் கத்தினார். "ஆம்புளையளுக்கே ஏலாமப் போன கச்சான் இது."

அவள் மிதித்துக்கொண்டே போனாள். முஹ்ஸின் இறங்கி வந்தார். "சரி, அப்ப நாங்க முன்னுக்கு மெதுவாப் போறம். பெட்டிட மறைவில வாங்க, காத்துப் படாது."

ஸகியா நின்றாள். முதல் தடவையாகத் திரும்பினாள்.

"மறைவில வந்து சேர்ந்தா நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க தம்பி, பெட்டிதான் இழுத்து வந்த எண்டு." பிறகு மெஷின் ஓட்டிய ஜெமீலைப் பார்த்தாள். "ஜெமீல், பின்னால வராதீங்க. முன்னாலயும் நிக்காதீங்க. எல்லாரையும் கொண்டு திருக்கோவிலுக்குப் போங்க. பெட்டிச் சத்தம் கேக்கக் கேக்க எண்ட கால் அதுக்குள்ள ஏறத்தான் பாக்கிது."

ஜெமீல் முஹ்ஸினைக் கேட்கவில்லை. மெஷினை முடுக்கினார், முஹ்ஸின் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

6

ஆகவே முடிவை நான் பார்க்கவில்லை. எழுதிப் பார்த்தவை இவை.

முடிவு அ: கடற்கரையில் கூட்டம் ஆரவாரிக்க, ஸகியா புன்னகையுடன்—

இல்லை. அங்கே கூட்டம் என்று நாங்கள்தான் இருந்தோம். ஏப்பம் விட்டுக்கொண்டு.

முடிவு ஆ: அந்த நேரம் பொத்துவில் பஸ் வந்தது. கொண்டக்டர் கையைக் காட்டி—

றஸ்னா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "அந்த நேரம் பாத்து அந்த ரோட்டால பஸ்ஸ விட்டது ஆரு?"

நான்தான். பஸ்ஸையும் வெட்டினேன்.

7

திருக்கோவில் மணலில் இருந்து எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். முஹ்ஸினின் போன் அடித்தது. உம்மு. கச்சான் இரைச்சலில் கேட்காமல் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"ராத்தா ஏறிட்டாவா?"

"இல்ல."

"அப்ப எங்க?"

"வந்துகிட்டிரிக்கா."

"பெட்டி எங்க நிக்கிது?"

முஹ்ஸின் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இஞ்ச," என்றார்.

"அப்ப அடுத்த ஓட்டத்துக்கு எண்ட பேரையும் போடுங்க, முஹ்ஸின் காக்கா," என்றாள் உம்மு. முஹ்ஸின் ஓம் என்றும் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை.

இதற்குமேல் நான் எழுதினால் அது களவு. அவள் போகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆனால் வாசகரே, உங்களை அவள் போகச் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் அந்த வயல் ரோட்டில்தான் நிற்கிறீர்கள். பெட்டி போய்விட்டது, பஸ் வராது, கச்சான் வீசுகிறது. அவள் காலை ஊன்றி நிற்கிறாளா, மிதிக்கிறாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரக்கப்பட்டு அவளுக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்துவிடாதீர்கள்.