மீசான் கல்லின் கடைசி வரி

வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் ஊரில் பிறந்த பெண், பாரசீகம் படிக்க ஐதராபாத்துக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? "சாயபு சாமியப் படிச்சா உனக்கு இன்னாடி கெடைக்கும்?" என்று மரிய செலினின் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். கிடைத்தது கௌரவ விரிவுரையாளர் வேலை. ஜூன் பிறந்தால் மறுபடி கூப்பிடுவார்களா, மாட்டார்களா என்று காத்துக் கிடக்கிற வேலை. தலை நரைக்கத் தொடங்கியும் அதே காத்திருப்புதான்.

குருவிநத்தம் ஆற்றோரத்துச் சின்ன தர்காவில் அடங்கியிருக்கும் சூஃபி, பிரெஞ்சுக்காரர்களின் கப்பல் வருவதற்கு முன்பே இந்தக் கரைக்கு வந்தவர் என்பதுதான் செலினின் ஆய்வு முழுக்க. ஆதாரம், அவர் தலைமாட்டில் நட்டிருக்கும் மீசான் கல். மேலே இரண்டு வரியில் பாரசீகத்தில் பேரும் ஊரும் இருந்தன. கடைசி வரியில் அவர் மறைந்த வருடம் இருக்க வேண்டும். ஆனால் அதன்மேல் தலைமுறை தலைமுறையாகப் பூசிய சந்தனம் காய்ந்து ஓடாக இறுகிக் கிடந்தது. எந்த ஆய்விதழுக்கு எழுதினாலும், எந்த நேர்முகத்தில் போய் உட்கார்ந்தாலும், வருடம் எங்கே என்ற ஒரே கேள்விதான். அடுத்த வாரம் நிரந்தரப் பணிக்கு நேர்முகம். இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

கல்லை மூடிய போர்வையைச் சந்தனக்கூடு விழாவுக்காக வருடத்துக்கு ஒருமுறைதான் விலக்குவார்கள். போன வருடமே தர்காவைப் பார்த்துக்கொள்ளும் ஜெய்னுலாபுதீன் பாயிடம் செலின் கெஞ்சியிருந்தாள். புதுச் சந்தனம் பூசுவதற்கு முன் பழைய பூச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அவரும் சரியென்று தலையாட்டினார்.

இந்த வருடம் பஞ்சும் மெல்லிய தூரிகையும் எடுத்துக்கொண்டு, பாகூர் வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். பாய் வாசலிலேயே காத்திருந்தார்.

"வாங்க மேடம், வந்து பாருங்க. படிச்ச பொண்ணு நீங்க தரையில குந்திச் சொரண்டறதா? மனசு கேக்கல. ஒங்களுக்காவ நேத்தே போர்வைய எடுத்துட்டோம். நம்ம எழிலரசன்தான் மெஷின் கொண்டாந்து பாலிஷ் போட்டான். அவன் புள்ள பொறந்ததே இங்க வேண்டிக்கினுதான்."

கல் சமையல்மேடை போலப் பளபளத்தது. அருகில் வெட்கமும் பெருமையுமாக எழிலரசன் நின்றான். வீடுகளுக்குக் கிரானைட் பதிக்கிறவன்.

செலின் குனிந்து கல்லைத் தடவினாள். புடைப்பாகச் செதுக்கிய எழுத்துகள் ஒன்றுகூட இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. யாரைத் திட்டுவது? கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் வாய்விட்டுச் சபிக்கலாம். இவர்கள் அவளுக்கு மரியாதை அல்லவா செய்திருக்கிறார்கள்! செத்துப்போகலாம் போலிருந்தது அவளுக்கு.

அவள் முகம் மாறியதைப் பார்த்து எழிலரசன் பதறினான். "எழுத்து போச்சேன்னு பாக்கறீங்களா மேடம்? அதுக்கின்னா, நீங்க சொல்லுங்க, தமிழ்லியே புதுசா வெட்டிடறேன்."

அவள் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். அவன் சாக்பீஸால் கல்லில் எழுதிக்கொண்டே வந்தான்.

"வருசம்?"

ஆய்வேட்டில் அவள் ஊகித்து எழுதிய வருடம் நாக்கு நுனிவரை வந்தது. சந்தனத்தை எடுத்தபோது கண்ணால் பார்த்தேன் என்று நேர்முகத்தில் சொன்னால் போதும். இல்லை என்று சொல்ல இனி இந்தக் கல்லாலும் முடியாது. பாயும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார்கள் இரண்டு பேரும்.

"தெரியாது" என்றாள்.

எழிலரசன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி துளிகூட இல்லை. "இத்தினி வருசமா இதத்தான மேடம் படிச்சீங்க?"

"ஆமா" என்றாள் செலின். "வேற எதுவும் படிக்கல."