முகமில்லாத போட்டோ

ஷைமாவுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் தொழில். முகப்பருவை எடுப்பாள், கருவளையத்தை எடுப்பாள், பொண்ணு மாப்பிள்ளையைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு முகத்தை அழிக்க உட்கார்ந்தாள், அதுவும் பெற்ற தாயின் முகத்தை.

வேறு என்னதான் செய்வாள்? அம்மா மெஹராஜ் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு, அத்தா அக்பர் அலி கூடத்தில் வெறும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தட்டில் பிசைந்த சோறு ஆறிப்போகும். அம்மா போட்டோவை மாட்டலாம் என்றால் ஒரே பிடி.

"தொழுகற எடத்துல மொகம் வேண்டாங் கண்ணு."

அம்மா இருந்தபோதும் அந்தக் கூடத்தில் அதுதான் வழக்கம். ஆனாலும் ஷைமாவுக்கு மனசு ஆறவில்லை. முகம் வேண்டாம் என்றாரே தவிர, அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லையே!

பொள்ளாச்சிக் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். மயில்கழுத்து நிறச் சேலை, வாய்கொள்ளாச் சிரிப்பு, மூக்குத்தி. ட்விர்ல் ஃபில்டரைப் போட்டதும் சிரிப்பு சுழித்துக்கொண்டு போனது. ஓகே கொடுக்க விரல் வரவில்லை. நகலில்தான் கை வைக்கிறோம், அசல் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

அடுத்து ப்ளர். கண்ணும் கன்னமும் வெறும் நிறமாகக் கரைந்தன. சேலை பச்சையும் நீலமுமாய்ப் பெரிய சுழலாகிவிட்டது. மூக்குத்தி மட்டும் மசியவில்லை, வெள்ளைப் புள்ளியாக மேலே நின்றது. அதை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

புருஷன் நிஜாம் ஃப்ரேம் போட்டு வாங்கிவந்து, கூடத்தின் பக்கச் சுவரில் மாட்டினான்.

"ஏனுங்க, அத்தா கேட்டா என்னங்க சொல்றது?"

"டிசைன்னு சொல்லு. நானே அப்படித்தான் நெனச்சேன்."

சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு எழுந்த அக்பர் அலியின் கண்ணில் படம் பட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். ஷைமா நிஜாமின் பக்கம் நகர்ந்து நின்றாள். கழற்றச் சொல்லிவிட்டால், அம்மாவை இரண்டாம் தடவையும் வீட்டை விட்டு அனுப்பின மாதிரி ஆகிவிடும்.

"யாரு மாட்டுனது?"

"நாந்தானுங்க மாமா. நல்லா இல்லீங்களா?"

"தலகீழா மாட்டிப்போட்டீங்க மாப்ள."

நிஜாம் திருதிருவென்று விழித்தான். ஷைமா அப்போதுதான் கவனித்தாள், வெள்ளைப் புள்ளி கீழே கிடந்தது. பயத்தில் இவ்வளவு நேரம் அவள் கண்ணுக்கும் அது படவில்லை.

அக்பர் அலி படத்தைக் கழற்றித் திருப்பினார். இரண்டு கையாலும் சுவரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மூக்குத்தி மேல வரோணும்" என்றார். "ஃப்ரேமுல கொக்கி கீழ போயிருச்சு, இந்தப் பக்கம் ஒண்ணு அடிங்க மாப்ள. நான் புடிச்சுக்கறேன்."

ஷைமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் சுத்தியலைத் தேடி எடுக்க நிஜாமுக்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அவர் படத்தைக் கீழே வைக்கவில்லை.