ஏழாம் பாகத்துக் காவலாளி

புனே பக்கத்துச் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் இறங்கும்போது மல்லிகா அத்தை மூன்றாவது முறையாகச் சொன்னாள்: "மூஞ்சி தெரியலன்னா அடுத்த லோக்கல்ல தேஹு ரோடு திரும்பிடுவேன். அவங்க வூட்டுல டீ கூடக் குடிக்கமாட்டேன்." ஆரோக்கியமணி மாமா பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். காலையிலிருந்து இரண்டு முறை சவரம் செய்திருந்தார். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய முகத்தைப் பார்க்கப் போகிறவர் இன்றைய முகத்தை எதற்கு இப்படி வழிக்கிறார் என்று கேட்க நினைத்தேன்.

விஷயம் இதுதான். 'லால் லிஃபாஃபா' என்று ஒரு இந்தி உளவாளித் தொடர், 1989இல் பதின்மூன்று வாரம் டிவியில் ஓடியது. காணாமல் போன சிவப்பு உறை ஒன்றைத் தேடி மேஜர் தேவதர் உலகமெங்கும் அலைவார். அந்த உலகம் லோணாவளாவில் தொடங்கி தேஹு ரோட்டில் முடிந்துவிடும். ஜெனீவாவில் அவர் காத்திருக்கும் ரயில் நிலையத்தில் ஒருவர் லோணாவளாக் கடலைமிட்டாயான சிக்கி விற்றுக்கொண்டு போவார். தேஹு ரோடு மைதானத்தில் ராணுவக் கிடங்கின் வாசல் போல ஒரு செட் போட்டிருந்தார்கள். சல்யூட் அடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் காவலாளி வேஷத்துக்கு ஊரிலிருந்த நிஜ ராணுவ டிப்போவின் ஆட்களையே எடுத்தார்கள். மாமா அப்போது டிப்போவில் புது ஸ்டோர் கிளார்க். நான்காம் பாகத்தில் எதிரி நாட்டு ஒற்றன் அவரைக் கத்தியால் குத்துவான், அவர் குப்புற விழுவார். நான்கு விநாடி. நான்கும் முதுகு.

அந்த சமயத்தில்தான் இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் மாப்பிள்ளை டிவியில் வருகிறார் என்று அத்தையின் அப்பா குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நாற்பது பேர் முதுகைப் பார்த்தார்கள். "ஏழாவது பாகத்துல மூஞ்சி வரும்" என்று மாமா சத்தியம் செய்தார். மூன்று வாரம் கழித்து அதே நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். தலைப்பிசை முடிந்ததும் கரண்ட் போனது. அதன் பிறகு அந்தப் பாகம் மறு ஒளிபரப்பாகவில்லை, இணையத்திலும் இல்லை. அத்தையின் தங்கைகள் இன்றுவரை மாமாவை 'முதுகு மாப்பிள்ள' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அத்தை இவர் புளுகினார் என்று நம்புகிறாள். திருமணத்துக்கு முன் ஒருவர் சொன்ன முதல் விஷயமே பொய்யென்றால் மிச்சத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்பது அவள் வாதம். இதைக் குழம்பில் உப்பு கூடினாலும் சொல்வாள், குறைந்தாலும் சொல்வாள்.

இந்தத் தொடருக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் போன வருடம்தான் கண்டுபிடித்தேன். கல்லூரிச் சுவரொட்டிப் பத்திரிகையில் எல்லாரையும் கிண்டல் செய்து முடித்து, ஆள் தீர்ந்துபோயிருந்த நேரம். முகுந்த் அண்ணா கோயம்புத்தூர்க்காரர், சிஞ்ச்வட்டில் ஐடி வேலை. அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினோரு பேர். தொடரில் கதை ஓட்டையே கிடையாது என்பது அவர் மார்க்கம். இதுவரை எழுந்த அறுபத்து நான்கு சந்தேகங்களுக்கும் எக்செல் ஷீட்டில் பதில் வைத்திருக்கிறார். சிக்கி விற்பவர்கூட இந்திய உளவாளியாம். அறுபத்தைந்தாவதைக் கண்டுபிடிப்பது என் லட்சியம். இந்தூரில் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஏழாம் பாகத்தின் வீடியோ கேசட் கிடைத்துவிட்டது என்று முகுந்த் அண்ணா அறிவித்த அன்று இரவே, "என் மாமாவும் அத்தையும் பெரிய ரசிகர்கள், கூட்டி வரட்டுமா" என்று கேட்டேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

முகுந்த் அண்ணா வீட்டில், அதே குழுவைச் சேர்ந்த பார்கவி அக்கா முன்பே வந்து தரையில் சப்பணமிட்டிருந்தார். சென்னைக்காரர், ஓட்டைகளைப் பற்றிக் கவலைப்படாதவர், நடிப்பை மட்டும் பார்ப்பவர். "தேவதர் சோகமா இருந்தாலும் சந்தோஷமா இருந்தாலும் அதே இடது புருவம்தான். ஆனா அந்த வில்லன், கர்னல் பட்! ஒத்தக் கண்ணால அழுவான் பாரு, சான்ஸே இல்ல."

"புருவம் ட்ரெய்னிங்குங்க," என்றார் முகுந்த் அண்ணா. "ஸ்பைக்கு உணர்ச்சி காட்டக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்க."

"அப்ப ஒன்பதாவதுல ஹீரோயினப் பாத்து எதுக்கு டான்ஸ் ஆடறாரு?"

"அது மாறுவேசம்ங்க."

மாமா ஏதோ சொல்லப்போனார். அத்தை முழங்கையால் இடித்தாள்.

படம் ஓடத் தொடங்கியது. கேசட் என்பதால் திரையில் அவ்வப்போது வெள்ளைக் கோடுகள் ஓடின. பன்னிரண்டாவது நிமிடத்தில் தேவதர் சுட்ட ஆறு குண்டுத் துப்பாக்கியில் ஏழு குண்டு வந்தது. நான் எண்ணினேன், முகுந்த் அண்ணாவும் எண்ணினார், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பதினெட்டாவது நிமிடத்தில் ஜீப் கிடங்கு வாசலுக்கு வந்தது. மாமா சோபாவின் நுனிக்கு நகர்ந்தார்.

ஜீப் நின்றது. இடமிருந்து ஒரு காவலாளி வந்தான். ஒல்லி, பெரிய காது, தொப்பி ஒரு அளவு பெரிது. நேராக கேமராவைப் பார்த்து சல்யூட் அடித்தான்.

"நிறுத்து!" என்று கத்தியது அத்தை.

முகுந்த் அண்ணா பயந்து ரிமோட்டை அழுத்தினார். காதை வைத்தே சொல்லிவிடலாம். அதே காதுகள் சோபா நுனியில் இருந்தன, சிவந்துபோய். பார்கவி அக்கா திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி திரையை. "ஐயோ! அங்கிள், நீங்களா?"

"ஆமாம்மா," என்றார் மாமா.

நான் குதித்தே விட்டேன். "முகுந்த் அண்ணா, அறுபத்தஞ்சு! நாலாவது பாகத்துல குத்து வாங்கிச் செத்த காவலாளி இவர்தான். செத்த ஆள் ஏழாவதுல வந்து சல்யூட் அடிக்கிறாரு!"

முகுந்த் அண்ணாவின் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து வருட நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. அவர் எழுந்து வந்து மாமாவின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார். "சார், நிஜமாலுமேவா? நாலாவதுலயும் நீங்கதானுங்களா?"

"நான்தான் தம்பி. மறுநாளும் ப்ரொடக்ஷன் ஆளு ரெஜிஸ்டர வச்சிகினு பேரு கூப்ட்டான். என் பேரும் அதுல இருந்துச்சு. டிப்போல மஸ்டர்ல, அதான் அட்டெண்டன்ஸ்ல, பேரு வந்தா 'ஹாஜிர்'னு போயி நிக்கணும். நின்னுட்டேன்."

"செத்துட்டேன்னு சொல்லலீங்களா?"

"பேரு கூப்ட்ட பெறவு எப்டிப்பா சொல்றது?"

பார்கவி அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அங்கிள், இந்த பதிமூணு பாகத்துலயும் நடிக்காத ஒரே ஆள் நீங்கதான். அந்த சல்யூட்ட பாருங்களேன்."

முகுந்த் அண்ணா சிரிக்கவில்லை. மடிக்கணினியில் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கெஞ்சினார். "சார், கத்தி எந்தப் பக்கம் எறங்குச்சுங்க? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. ஆழமா எறங்கலதானுங்களே?"

மாமா சட்டையைத் தொட்டுப் பார்த்தார், கத்தி இன்னும் அங்கே இருக்கிறதா என்பதுபோல. "அட்டைக் கத்தி தம்பி. ஆனா டைரக்டரு செத்துட்டன்னுதான் சொன்னாரு."

"அவரு யாரு சொல்றதுக்கு?"

அத்தை. இவ்வளவு நேரம் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். குரலில் சண்டைக்கான எல்லாம் இருந்தது, ஆனால் இது நான் கேட்ட சண்டை இல்லை. "நாலாவதுல யாராவது நாடி புடிச்சிப் பாத்தாங்களா? டாக்டர் வந்தானா? கீழ வுழுந்தாரு, அவ்ளோதானே. இந்த மூஞ்சப் பாத்தா செத்த மூஞ்சாட்டமா கீது?" அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா கிரேக், ஒனக்குத் தெரியாது உங்க மாமாவப் பத்தி? நூத்தி மூணு ஜுரத்துலயும் டூட்டிக்குப் போற ஜென்மம். கத்திக் குத்துக்கா லீவு போடுவாரு?"

முகுந்த் அண்ணாவின் விரல்கள் வேகமாக ஓடின. காயம், குணமடைதல், மீண்டும் பணியில். அறுபத்தைந்துக்கு எதிரே பச்சை நிறம் போட்டார். எனக்கு மறுப்புச் சொல்ல மூன்று காரணங்கள் இருந்தன, மூன்றுமே வலுவானவை. முகுந்த் அண்ணா ஆனந்தத்தில் மாமாவின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். பார்கவி அக்கா செல்ஃபி கேட்டார். நானும் அதற்குள் தலையை நீட்டினேன்.

"டீ போடறேனுங்க, எல்லாரும் இருங்க," என்று முகுந்த் அண்ணா சமையலறைக்கு ஓடினார்.

"இஞ்சி நெறயத் தட்டிப் போடுப்பா," என்றாள் அத்தை, திரும்பாமலே.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அத்தை எழுந்து டிவியின் அருகே போயிருந்தாள். நிறுத்திய படம் லேசாக நடுங்கியது. கேசட்டின் வெள்ளைக் கோடு ஒன்று, அந்தப் பையனின் கன்னத்தின் குறுக்கே அப்படியே நின்றிருந்தது. அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அந்த இடத்தில் வைத்துத் துடைத்தாள். போகவில்லை. கண்ணாடியில் வாயால் ஊதிவிட்டு, இன்னும் கொஞ்சம் மெதுவாக, மறுபடி துடைத்தாள்.