முப்பதாவது மிளகு

கொல்லிமலையில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஆல்பர்ட்டை அரைக்கிறுக்கு என்று முதலில் சொன்னவன் நான்தான். அவர் கால்நடை ஆய்வாளர், ஆத்தூர்க்காரர். வேளாண்மை ஆபீசில் இருக்கும் எனக்குப் பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பாட்டு மேசையில் நீலத் துணியை விரித்து, அட்டையில் மடித்துச் செய்த பாய்மரக் கப்பல்களை நிறுத்தி, இருநூறு வருடத்துக்கு முந்தைய பாணியில் ஒரு கடற்போர் நடத்துவார். கடலுக்கும் கொல்லிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பார். எதிராளி கிடையாது. இரண்டு பக்கமும் அவரே.

ஒருநாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். மூன்று பெரிய போர்க்கப்பல்கள் வழிமறித்து நிற்கும். ஒரு சின்னக் கப்பல் அவற்றைத் தாண்டித் துறைமுகம் சேர வேண்டும். சின்னக் கப்பலுக்கு யோசித்து, உத்தரவைச் சீட்டில் எழுதி மடித்து வைப்பார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பெரிய கப்பல்களுக்கு யோசிப்பார். முன்னால் நினைத்ததெல்லாம் தண்ணீரோடு போய்விட வேண்டுமாம். காற்று எந்தத் திசை, குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எந்தக் கப்பலில் குண்டு பட்டாலும் அதன்மேல் ஒரு மிளகு வைப்பார். மலைமேல் திருப்புலி நாட்டு ஊர்களுக்கு மாட்டு ஊசி போடப் போனால் அங்குள்ளவர்கள் கொடுத்தனுப்பும் மிளகுதான். ஐந்து மிளகு ஏறினால் சின்னக் கப்பல் மூழ்கிவிடும்.

நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அது கரை சேர்ந்ததில்லை. “ஒரே ஒரு தடவைங்க பூபதி, அப்புறம் வேற போர் எடுத்துக்குவேன்” என்பார். மனசு சின்னக் கப்பலில்தான் இருக்கிறது என்று முகத்தில் தெரியும். ஆனாலும் எதிர் நாற்காலிக்குப் போனால் இரக்கமே இல்லாமல் அதைச் சுடுவார். இப்படி ஒரு மனுஷனை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

போன ஞாயிறு சின்னக் கப்பல் துறைமுகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மேலே நான்கு மிளகு. ஆல்பர்ட் டீ போட உள்ளே போனார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மிளகை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் கப்பலைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். “நாலுன்னு நெனச்சேன். சரி, மேசையில இருக்கறதுதான் நெசம்” என்று பகடையை உருட்டினார். ஒரு குண்டு பட்டது. மூன்று மிளகு நான்கானது. அடுத்த முறை காற்று வாகாக வர, கப்பல் துறைமுகத்துக்குள் போய்விட்டது.

அவர் குதிக்கவில்லை, கத்தவில்லை. ஆத்தூரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டார். “மெர்சி, கரை சேத்துட்டேன்.” மிளகு என் பையில் இருந்தாலும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு மிளகை எண்ணிப் பாட்டிலில் போட்டார். முப்பது இருக்க வேண்டும். இருபத்தொன்பதுதான் இருந்தது. முட்டிவலிக்காரர், மேசைக்கடியில் தவழ்ந்து தேட ஆரம்பித்தார்.

“விடுங்க, ஒரு மிளகுதானுங்களே” என்றேன்.

“அது எந்தக் கப்பல் மேல இருந்துச்சுன்னு தெரியோணுமில்லீங்க” என்றார் கீழேயிருந்து.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பையிலிருந்து எடுத்து நீட்டினேன். “சின்னக் கப்பல் மேலதாங்க. நீங்க டீ போடப் போனப்ப” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மிளகை வாங்கினார். துறைமுகத்திலிருந்து கப்பலை எடுத்து, கடைசிக் குண்டு பட்ட இடத்தில் வைத்து, பாட்டிலிலிருந்து நான்கை எடுத்துச் சேர்த்து ஐந்து மிளகையும் ஏற்றிச் சாய்த்துப் படுக்கவைத்தார். துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார். பிறகு போனை எடுத்தார்.

“மெர்சி, கரை சேரலம்மா. முங்கிப் போச்சு.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். என்னை ஒரு தடவை பார்த்தார். “இல்ல, நாந்தான் எண்ணிப் பாக்காம உருட்டிட்டேன்” என்றார்.