உறைக்குள் ஒரு பொத்தான்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது சலவைக்கூடம். வார்டுகளில் இருந்து படுக்கை விரிப்புகள் ஒரு கதவு வழியாக அழுக்காக வரும். இன்னொரு கதவு வழியாகச் சதுரமாக மடிந்து போகும். அந்த இரண்டாவது கதவுக்குப் பக்கத்து மேசையில் பதினெட்டு வருஷமாக விரிப்பு மடிப்பவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் காலருக்கு அடியில் எப்போதும் பச்சை நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். யார் சட்டையில் பொத்தான் தொங்கினாலும் "நில்லு" என்பாள். ஆள் மறுபேச்சு பேசுவதற்குள் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, "போ" என்பாள். அவ்வளவுதான்.

அந்த வருஷம் அவள் சங்கச் செயலாளர் தேர்தலில் நின்றாள். காரணம் ஒன்றே ஒன்று. விரிப்பைக் காயவைத்துத் தேய்க்கும் சூட்டு உருளையின் முன்தடுப்பு உடைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பெண்களின் விரல் வெந்துவிட்டது. பழைய செயலாளரிடம் கேட்டால், "பேசிட்டுத்தாம்மா இருக்கோம்" என்பார். அவருடைய ஆளாக நின்றவன், துவைக்கும் இயந்திரங்களை ஓட்டும் டிரம் தம்பி. நல்ல பையன்தான். ஆனால் மேலாளர் முறைத்தால் தரையைப் பார்ப்பவன்.

மனு கொடுத்த அன்று, தேர்தலை நடத்த வந்த ஸ்டோர் சார் விதிப்புத்தகத்தைப் படித்துக் காட்டினார். ஆஸ்பத்திரி ஸ்டோரில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சைக்கூட எண்ணிக் கொடுத்தவர் என்று பெயர்.

"விதி ஏழு. வாக்குப்பதிவு முடியிற வரைக்கும் வேட்பாளர் எந்த வாக்காளருக்கும், பொருளாவோ உழைப்பாவோ, பயன் தரக்கூடிய எதையும் தரக் கூடாது. தந்தா மனு தள்ளுபடி. நாட்டுத் தேர்தலுக்கு என்ன சட்டமோ, அதேதான் நமக்கும்."

அன்றே ஊசியக்கா ஊசியை எடுத்து வீட்டு நாள்காட்டியில் குத்திவைத்தாள். பதினான்கு நாள். மூன்றாம் நாளே கூடத்து ஆண்களில் பாதிப்பேர் பொத்தானில்லாமல் மார்பு தெரியத் திரிந்தார்கள்.

அந்த மூன்றாம் நாள்தான் வம்பு வந்தது. மதிய இடைவேளையில் வழக்கம்போல அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, பாதியைப் புருஷன் பக்கம் தள்ளினாள். அவர் அங்கேயே கொதிகலன் பார்ப்பவர். ஊரெல்லாம் அவரை பாய்லர் மாமா என்றது. முதல் வாய் உள்ளே போனதும் டிரம் தம்பி வந்து நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மாமாவுக்கும் ஓட்டு இருக்கில்ல?"

"ஏன்டா, என் பொண்டாட்டி எனக்குச் சோறு போடறது லஞ்சமா?"

"நான் சொல்லல மாமா. விதி ஏழு சொல்லுது. என்னைக் கேக்கச் சொன்னாங்க."

மூவரும் ஸ்டோர் சாரிடம் போனார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் தடவினார்.

"'குடும்பத்தார் நீங்கலாக'ன்னு ஒரு வரி இருந்திருக்கு. ஆனா அடிச்சிருக்கே. அடிச்சவங்க கையெழுத்தும் இருக்கு."

புத்தகத்தை ஊசியக்கா பக்கம் திருப்பினார். கையெழுத்து அவளுடையது.

அவளுக்கு நினைவு வந்தது. மூன்று வருஷம் முன்பு பழைய செயலாளர் அறுபது பேருக்குக் குடை கொடுத்து ஜெயித்தார். கேட்டதற்கு, அறுபது பேரும் என் மாமன் மச்சான் என்றார். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் இந்த விதிகளையே எழுதினார்கள். அப்போது எழுந்து நின்று, "குடும்பம்னு ஒரு ஓட்டை வெச்சா அதுல குடைக்கடையே நுழையும்" என்று சொல்லி அந்த வரியை அடிக்க வைத்தவள் அவள்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பாய்லர் மாமா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"விதி எட்டுன்னு ஒண்ணு இருக்கு" என்றார் ஸ்டோர் சார். "ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி வாங்கினதைத் திருப்பிக் குடுத்து, எதிர் வேட்பாளரும் ஆட்சேபிக்கலன்னா விட்டுடலாம். ஆனா சாப்பிட்டதை எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

"வேணாம் சார்" என்றான் டிரம் தம்பி அவசரமாக.

"தெரியாம நடந்ததுன்னு எச்சரிக்கையோட விடறேன். இன்னொரு தடவைன்னா பேரை எடுத்துடுவேன்மா. தயவு தாட்சண்யம் கிடையாது."

கிளம்பும்போது பாய்லர் மாமா திரும்பினார். "சார், வாக்காளர் வேட்பாளருக்குக் குடுக்கலாமா?"

ஸ்டோர் சார் முன்னும் பின்னும் புரட்டினார். "அதுக்குத் தடை எதுவும் இல்ல."

மறுநாள் விடியும்போது சமையலறையில் பாத்திரம் உருண்டது. ஊசியக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். சூட்டையும் அழுத்தத்தையும் அளவுமானியின் முள் பார்த்தே அடக்கிப் பழகிய மனுஷன், முள் இல்லாத ஒரு பானையை முறைத்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"பேசாத! யோசனை சொல்றதும் பயன்தான். மனு போயிடும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உப்பு ஒரு கை போனது. பார்க்கச் சகிக்காமல் சுவரைப் பார்த்தாள்.

அன்றைய சோறு கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. "இதை வெச்சு உருளைத் தடுப்பையே ஒட்டிடலாம்க்கா" என்றாள் விரல் வெந்த பெண்களில் ஒருத்தி. சாப்பாட்டு மேசையே சிரித்தது. பாய்லர் மாமா ரோஷத்தோடு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். ஊசியக்காவும் போட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள் உருளைக்கிழங்கு நன்றாக வெந்தது. பத்தாம் நாள் அவர் கேட்காமலே இரண்டாவது முட்டையை அவள் தட்டில் வைத்தார். சூடாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, சூடு ஆறாத தட்டு முன்னால் தான் உட்கார்ந்ததே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. பாராட்டும் பயன்தானோ என்னவோ.

வாக்குப்பதிவு நாள் காலையில் இருவருக்கும் நேரமாகிவிட்டது. கதவைப் பூட்டப் போன அவருடைய வெள்ளைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் ஆடியது.

"நில்லுங்க."

நின்றார். கை தானாக நாள்காட்டி ஊசிக்குப் போனது. தைத்தாள், நூலைக் கடித்தாள். "போங்க."

போனார்கள். இருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அவளுடைய மடிப்பு மேசைதான் அன்று வாக்குப்பதிவு மேசை. நீண்ட வரிசை. அவளுக்கு நான்கு பேர் முன்னால் நின்ற புருஷன் ஏதோ கேட்கத் திரும்பியபோது வெள்ளைச் சட்டையில் பச்சைப் புள்ளி தெரிந்தது. காலையில் தைத்தது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கூடத்தில் பச்சைப் புள்ளி இல்லாத சட்டையே இல்லை. எது பழையது, எது இன்று காலையது என்று யாருக்குத் தெரியும்? சும்மா இருந்தால் ஜெயிக்கலாம். தடுப்பும் வந்துவிடும்.

வெந்த விரல்களை நினைத்தாள். அறுபது குடைகளையும் நினைத்தாள். வரிசையை விட்டு மேசைக்குப் போனாள்.

"சார், இன்னிக்குக் காலையில இவருக்கு நான் பொத்தான் தெச்சுட்டேன்."

ஸ்டோர் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, யாராவது புகார் குடுத்தாங்களா?"

"நான்தான் குடுக்கறேன்."

'பட்' என்று ஒரு சத்தம். பாய்லர் மாமா பொத்தானைப் பிய்த்து மேசைமேல் வைத்தார்.

"நான் இன்னும் ஓட்டுப் போடல சார். வாங்கினதைக் குடுத்துட்டேன். விதி எட்டு."

ஸ்டோர் சார் டிரம் தம்பியைப் பார்த்தார். "உனக்கு ஆட்சேபம் உண்டாப்பா?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பழைய செயலாளர் பின்னாலிருந்து கனைத்தார். டிரம் தம்பி தரையைப் பார்த்தான். அப்படியே பார்வை தன் சட்டைக்கு வந்தது. நான்கு பொத்தான், நான்கிலும் பச்சை நூல்.

"உண்டு சார்."

யாரோ 'ச்சே' என்றார்கள்.

"நூலு இன்னும் மாமா சட்டையிலயே இருக்கே. அதையும் குடுக்கச் சொல்லுங்க."

சிரிப்பில் மேற்கூரைத் தகரம் அதிர்ந்தது. பாய்லர் மாமா நூலை உருவிப் பொத்தான் மேல் வைத்தார். "போதுமாடா?"

"போதும் மாமா. இப்ப ஆட்சேபம் இல்ல."

ஸ்டோர் சார் இரண்டையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, அதன்மேல் கையெழுத்திட்டார். பாய்லர் மாமா சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டுப் போட்டார்.

ஊசியக்கா இருபத்துமூன்று ஓட்டில் ஜெயித்தாள். தடுப்பு கேட்டு அன்று மாலையே எழுதிய கடிதத்தில், அவளுக்கு அடுத்த கையெழுத்து டிரம் தம்பியுடையது. முடிவு அறிவித்த பிறகு ஸ்டோர் சார் உறையைப் பிரித்துப் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்காமல் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே அடுப்புப் பக்கம் போனாள்.

"நகருங்க. இனி நான் பாத்துக்கறேன்."

"ஏன், ஓட்டு வாங்கியாச்சுன்னு கழட்டி விடறியா?" அவர் நகரவில்லை. சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டார். பொத்தானைக் கையில் வைத்தார். "நீ இதைப் பாரு."

அவள் உட்கார்ந்து ஊசியில் பச்சை நூல் கோத்தாள். அவர் உப்பு டப்பாவுக்குள் கையை விட்டார்.

"அதுல பாதி" என்றாள் ஊசியக்கா. பதினோரு நாளாகத் தொண்டையில் நின்ற வார்த்தை.