ஊறிய குரக்கன்

நபீல் பெரிய தொட்டியைச் சாய்த்தான். ஊறிக் கிடந்த குரக்கன், கேழ்வரகு மணிகள் அத்தனையும், மோல்ட் மா செய்யும் அறையின் சீமெந்துத் தரையில் சரிந்தது.

"என்ன வேல செஞ்சீங்க தம்பி!" பாயிஸா வாசலில் நின்றபடியே கத்தினாள்.

"நானாவக் குளிப்பாட்டத் தண்ணி நெரப்போணும் மதினி. வேற தொட்டி எங்க ஈக்கிது?"

அவன் கண்கள் சிவந்திருந்தன. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்த பாயிஸாவின் கணவர் ஹாஷிம் தேத்தண்ணி கேட்டிருந்தார். அவள் கொண்டுவருவதற்குள் கதிரையிலேயே உயிர் போயிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

தண்ணீர் வாய்க்காலை நோக்கி ஓடியது. நேற்றுக் காலை ஹாஷிம் நனைத்த தானியம், இன்று இதே நேரத்துக்குத்தான் வடிய வேண்டும். ஒன்றும் தெரியாத தம்பி அண்ணனின் வேலையைச் சரியான நேரத்தில் செய்துவிட்டிருந்தான். பாயிஸா ஈரச் சாக்கால் குவியலை மூடிவிட்டு உள்ளே போனாள்.

பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோனார்கள். வீட்டில் மிஞ்சிய பெண்களிடம் ஹாஷிமின் மூத்த சகோதரி றலியா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பால்மா இல்லாத அந்தக் காலத்துல எங்கட வாப்பா தொடங்கின மோல்ட் இது. ரெண்டாயிரத்து இருபத்திரெண்டுலயும் பால்மா இல்லாமப் போச்சே, எங்கட மோல்டுக்குப் பள்ளிவாசல் கேட் வரைக்கும் கியூ. தெரிஞ்சவன், பெரிய மனிசன் ஒருத்தரையும் பாக்கல்ல எண்ட தம்பி. 'யார்ட வீட்டுல தொட்டில் ஈக்கிதோ, அவங்க முன்னுக்கு வாங்கோ' எண்டான். நான் போனேன், எனக்கே இல்லண்டுட்டான்!"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் பகலில் நபீல் வந்தான். "மதினி, அந்தக் குரக்கன கோழிக்குப் போட்டுருவமா? முளைக்கத் தொடங்கிட்டு."

"முளைக்கத்தானே நனைச்சது!" பாயிஸா எழுந்துவிட்டாள். "இப்ப பெரட்டாட்டி உள்ளுக்குள்ள வெந்து புளிச்சிரும். பெரட்டி, வால் வந்ததும் காயவெச்சு, வேரக் கசக்கி, லேசா வறுத்து அரைச்சாத்தான் மோல்ட். அவங்க கடைசியா நனைச்சது தம்பி. கோழிக்கா?"

"எங்க எழும்புற?" றலியா கையைப் பிடித்தாள். "புருசன எழந்து இத்தா இருக்கிறவ, நாலு மாசம் பத்து நாளைக்கு ரோட்டுப் பக்கம் போகேலா. மோல்ட் அறைக்குப் போற முத்தம் தொறந்து கெடக்கு, ஊரே பாக்கும். நான் பெரட்டுறன்."

போனவள் உடனே திரும்பி வந்தாள். "சூடா ஈக்கிது. எவ்வளவு சூடு ஈக்கோணும் எண்டு எனக்கென்ன தெரியும்?"

முப்பது வருடமும் தண்ணீர் தெளித்தவள் பாயிஸா. குவியலுக்குள் கைவிட்டுச் சூடு பார்த்தது ஹாஷிம். 'பால் குடிச்சிட்டுத் தூங்குற புள்ளட வயிறு மாதிரி ஈக்கோணும்' என்பார். அதற்கு ஒரு பாகை கூடினாலும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவைகூடப் புளித்ததில்லை.

றலியா அலுமாரியைத் திறந்து படுக்கை விரிப்புகளை வாரி எடுத்தாள்.

"டேய் நபீல், கயிறு கட்டு. குசினிக் கதவிலருந்து மோல்ட் அறை வரைக்கும்."

"என்னத்துக்கு ராத்தா?"

"கட்டுடா எண்டா கட்டு. பேச்செல்லாம் பொறகு."

பூப்போட்டதும் கோடு போட்டதுமாக ஏழு விரிப்புகள் முற்றத்தின் குறுக்கே தொங்கின. றலியா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இப்ப இதுவும் வீடுதான். போ பாயிஸா."

பாயிஸா துணிச் சுவரை ஒட்டி நடந்துபோய், சாக்கை விலக்கினாள். சிவந்த மணிகளின் நுனியில் வெள்ளை வால்கள் எட்டிப் பார்த்தன. இத்தாவுக்கு உடுத்திருந்த வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கை வரை குவியலுக்குள் விட்டாள்.

"எப்பிடி ஈக்கிது?" வெளியிலிருந்து றலியா கேட்டாள்.

"சரியா ஈக்கிது."

"அப்ப கைய எடுத்துப் பெரட்டேன்."

காற்றில் விரிப்புகள் உப்பித் தணிந்தன. அவள் கை அந்த வெதுவெதுப்புக்குள்ளேயே இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க ராத்தா," என்றாள் பாயிஸா.